ஓலையை விடுவதா, ஹாலை விடுவதா?

கேள்வி: எனக்கு வயது 36. உடன்குடிப் பக்கம் சொந்த ஊர். என் வீட்டுக்காரருக்கு ஹொஸ்கோட்டேயில் ஒரு சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை கிடைத்ததால் போன வைகாசியில் பெங்களூரு வந்தோம். ராமமூர்த்தி நகரில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. நான், அவர், எட்டாவது படிக்கும் மகள், ஒன்றாவது படிக்கும் மகன், என் மாமியார் என்று ஐந்து பேர். வீட்டு அட்வான்ஸுக்காக என் நகையை அடகு வைத்திருக்கிறோம். மாதம் 5,000 ரூபாய் துண்டு விழுகிறது. பனையோலையில் பெட்டி முடைவது அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. ஊரில் மத்தியானம் நாலைந்து பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முடைவோம். இங்கே ஹாலில் தனியாக முடைகிறேன். மூடி போட்ட பெட்டி ஒன்றுக்கு ஆறு மணி நேரம் ஆகிறது, கடைக்காரர் 110 ரூபாய் தருகிறார். "ஊர்ல பொழுது போகாம செஞ்சதை இங்க எதுக்கு இழுத்துட்டு வந்தே, பேசாம கார்மென்ட்ஸுக்குப் போ" என்கிறார் அவர். சிநேகிதி வந்தால் மகள் ஓலையை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். அத்தை தை மாதத்திலிருந்து ஓலையைத் தொடுவதே இல்லை. "இந்த ஊர்ல ஓலை முறியுது, என்னை ஊருக்கு அனுப்பிரு" என்று ஒரே பாட்டு. நான் முடைவதை விட்டுவிட்டால் வீட்டில் எல்லாம் சரியாகிவிடுமா?
— ஒரு வாசகி, பெங்களூரு

அன்புள்ள சகோதரி,

ஆகாது. விட்டுவிட்டால் ஹாலில் கொஞ்சம் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். நகை அடகிலேயே இருக்கும். அத்தை ஊர்ப் பேச்சை நிறுத்தமாட்டார். மகள் கட்டிலுக்கு அடியில் தள்ள வேறு ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பாள்.

குடும்ப நல ஆலோசகராக இந்த நகரத்தில், ஊர் மாறி வந்த குடும்பங்களை நிறையப் பார்க்கிறேன். வந்த முதல் வருடத்தில் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று கைவிட்டுப் போயிருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல், கண்ணெதிரே கிடக்கும் ஒரு பொருளின் தலையில் பழியைப் போட்டுவிடுவார்கள். ஒரு வீட்டில் டி.வி., இன்னொரு வீட்டில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி. உங்கள் வீட்டில் ஓலை. அதனால் முடைவதா விடுவதா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

முதலில் அத்தை. போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது: தை மாதத்திலிருந்து ஓலையைத் தொடவில்லை, ஓலை முறிகிறது என்கிறார். அவர் சாக்குச் சொல்லவில்லை. ஓலை நிஜமாகவே முறியும். உங்கள் ஊர் கடலோரம், காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். பெங்களூரு கடலிலிருந்து விலகி, 900 மீட்டருக்கு மேல் மேட்டில் இருக்கிற ஊர். மழை ஓய்ந்து தை, மாசி, பங்குனியில் இங்கே காற்று உலர்ந்துபோய்விடும். உதடு வெடிக்கிறதல்லவா, அந்தக் காற்றில் ஓலை என்ன பாடுபடும்? ஊரில் லேசாகத் தண்ணீர் தெளித்து வளைத்தால் வளைந்த ஓலை, இங்கே பெட்டியின் மூலை திருப்பும்போது பட்டென்று ஒடியும்.

இதை அத்தையின் பக்கத்திலிருந்து பாருங்கள். வாழ்நாள் முழுக்க முடைந்தவர். உங்களுக்கே குரு. புது ஊரில், மருமகள் பார்க்க, அவர் கையில் ஓலை ஒடிகிறது. கண் மங்கிவிட்டதோ, கை தளர்ந்துவிட்டதோ என்ற பயம் வந்திருக்கும். அதை யாரிடம் சொல்வார்? ஊருக்கு அனுப்பு என்றுதான் சொல்வார்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது ஒரு சின்ன வேலை. மறுநாளைக்கு வேண்டிய ஓலையை மட்டும் எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, அதை ஒரு பாலிதீன் பையில் போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் முடையுங்கள். பக்கத்தில் ஈரத்துணி இருக்கட்டும், மூலைக்கு வரும்போது அந்த இடத்தை மட்டும் விரலால் ஒற்றிக்கொள்ளுங்கள். நனைத்த ஓலையை இரண்டாம் நாளைக்கு வைக்காதீர்கள், கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடித்துவிடும். இதை நீங்கள் கண்டுபிடித்ததாக அத்தையிடம் சொல்ல வேண்டாம். "அத்தை, காத்து காஞ்சு கிடக்கு, எனக்கும் ஒடியுது, என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். எனக்கும் ஒடிகிறது என்ற சொல்தான் முக்கியம். மீதியை அவரே சொல்லிவிடுவார்.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர். அவர் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று இடம், இன்னொன்று பணம். பகல் முழுக்கக் கிடங்கில் நின்றுவிட்டு, ஹொஸ்கோட்டே ரோட்டு நெரிசலில் மாட்டி வீட்டுக்கு வருகிறவர், ஹாலில் கால் நீட்ட இடம் தேடுகிறார். ஈர்க்குக் குச்சி காலில் குத்துகிறது. அந்த நேரத்தில் பனையோலையின் பெருமையைப் பேசினால் கோபம்தான் வரும். கைவேலை செய்கிறவர்களிடம் "பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள்" என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கே கொஞ்சம் எரிச்சல்தான். அவர்களில் யாருக்கும் குனிந்து முடைந்து இடுப்பு வலித்ததில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஹால் குடும்பத்துக்கு என்று நீங்களாகவே முடிவு செய்துவிடுங்கள். அவர் வந்து சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இரண்டு வாங்கி, ஓலை ஒன்றில், பாதி முடைந்தது ஒன்றில் என்று போட்டுக் கட்டிலுக்கு அடியில் நகர்த்தினால் தரை காலி. காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் பாயைக் கொண்டு போய்விடலாம். அத்தைக்கும் நாலு சுவரிலிருந்து விடுதலை. துணி காயப்போட வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், பேசுவார்கள். அவர்கள் தெலுங்கோ இந்தியோ பேசினாலும் பரவாயில்லை. வேப்பமரத்தடி இங்கே திரும்பக் கிடைக்காது, ஆனால் பேச்சுத்துணை இல்லாமல் முடைகிற வேலை இது இல்லை. ஊர்ச் சிநேகிதிகளைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, அவர்கள் அங்கே, நீங்கள் இங்கே என்று முடையலாம். சிரிக்காதீர்கள், இப்படிச் செய்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

இப்போது பணம். இதில் எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் வருத்தம். ஆறு மணி நேரத்துக்கு 110 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓலைக்கும் சாயத்துக்கும் 30 ரூபாய் போனது என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 80. மணிக்கு 13 ரூபாய். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் உங்கள் வீட்டுக்காரர் கார்மென்ட்ஸுக்குப் போ என்கிறார். இந்த ஒன்றில் நான் அவர் கட்சி. கார்மென்ட்ஸ் வேலையை நான் இளப்பமாகப் பேசமாட்டேன். முறையான கம்பெனியென்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த அட்டை உதவும். இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களை அந்தச் சம்பளம்தான் தாங்குகிறது. ஆனால் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவீர்கள். ஒன்றாவது படிக்கும் பையனையும், தெரியாத ஊரில் உட்கார்ந்திருக்கும் அத்தையையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறதா என்று சண்டையில்லாமல் கேளுங்கள்.

பெட்டிக்கு விலை ஏற்றச் சொல்லிக் கடைக்காரரிடம் மல்லுக்கட்டாதீர்கள். பெட்டியை மாற்றுங்கள். மூடி போட்ட பெரிய பெட்டி இந்த ஊருக்குத் தோதுப்படாது. இங்கே ஓடுவது தாம்பூலத்துக்குக் கொடுக்கும் கொட்டான், அதாவது சின்ன ஓலைக்கூடை. வெற்றிலை பாக்கு, ஒரு வாழைப்பழம், மஞ்சள் குங்குமம் கொள்ளும் அளவு. பழகிய கைக்கு ஒன்று முடைய முக்கால் மணி நேரத்துக்குள்தான் ஆகும், 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஓலைச் செலவு 8 ரூபாய், நேரடியாக 60 ரூபாய்க்கு விற்றால் கையில் 52. மாதம் துண்டு விழும் 5,000 ரூபாய்க்கு 96 கொட்டான் வேண்டும். 64 மணி நேர வேலை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு போக, தினம் இரண்டரை மணி நேரம். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும்போதே முடிந்துவிடும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். கைவேலையின் அருமையைவிட இந்தத் தாள் அவருக்குச் சீக்கிரம் புரியும்.

முடைவது சுலபம், 96 பேரைப் பிடிப்பதுதான் கஷ்டம். வருடம் முழுக்க ஒரே மாதிரி விற்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கர்நாடகத்தில் ஆகஸ்டில் வரமகாலட்சுமி பூஜை வரும். வீட்டுக்கு வீடு சுமங்கலிகளைக் கூப்பிட்டுத் தாம்பூலம் கொடுப்பார்கள். பின்னாலேயே பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் கௌரி பண்டிகை. அன்றைக்கு மூங்கில் முறத்தில் மங்கலப் பொருள் வைத்துச் சுமங்கலிகளுக்குப் ‘பாகினா’ என்று கொடுப்பது இங்குள்ள வழக்கம். அந்த முறத்தை மேதர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக முடைகிறார்கள். அதில் போய்ப் போட்டி போடாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு, உங்கள் ஓலை அதற்கு ஆகவும் ஆகாது. செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா, தமிழ்க் கூட்டம் அலைமோதும். அப்புறம் நவராத்திரி. கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தமிழ் வீடுகளும் கன்னட வீடுகளும் ஏதாவது தேடிக்கொண்டே இருக்கும். ஆக உங்கள் அறுவடைக் காலம் ஆவணியிலிருந்து ஐப்பசி வரை. இப்போது பங்குனி. நேரம் இருக்கிறது.

இப்போதே நல்லதாகப் பத்து மாதிரி முடைந்து வைத்துக்கொண்டு அல்சூர் பக்கம் போய் வாருங்கள். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறதே, அந்தப் பக்கத்திலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். அங்கே வருகிற பெண்களிடம் ஒரு கொட்டானைக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும். மல்லேஸ்வரத்தில் பூஜைச் சாமான் கடைகளையும் ஒரு நாள் பாருங்கள். சித்ரகலா பரிஷத் என்ற கலை மையத்தில் அடிக்கடி கைவினைச் சந்தை போடுவார்கள். அங்கே உடனே ஸ்டால் எடுக்க வேண்டாம், வாடகையிலேயே லாபம் போய்விடும். சும்மா சுற்றிப் பார்த்து, என்ன விலைக்கு என்ன போகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். கல்யாண ஆர்டர் என்று யாராவது 300 கேட்டால் தலையை ஆட்டிவிடாதீர்கள். முடிகிற எண்ணிக்கையைச் சொல்லி, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கி, நிறத்துக்கு ஒரு மாதிரியைக் காட்டி ஒத்துக்கொள்ளச் செய்த பிறகு கை வையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் வரும் தீபாவளி வரை தவணை கேளுங்கள். அதுவரை வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். தீபாவளிக்கு நோட்டைப் பிரித்துப் பார்க்கும்போது மாதத்துக்குச் சராசரி 5,000 தேறவில்லையென்றால் வெளியே ஒரு வேலை பார்த்துக்கொள்வதாகச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யவும் செய்யுங்கள். அப்போதும் கொட்டான் முடையலாம், வீட்டு வாடகைப் பாரம் மட்டும் அதன் தலையில் இருக்காது.

மகள் விஷயம். அவளுக்கு ஓலையைப் பார்த்து வெட்கம் என்று நினைத்து நீங்கள் மனம் நொந்துபோயிருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பில் ஊர் மாறுவது லேசான காரியமில்லை. கர்நாடகத்தில் 2015ஆம் வருடச் சட்டப்படி பள்ளியில் கன்னடம் கட்டாயப் பாடம். கூடப் படிக்கிறவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து எழுதுவதை அவள் இப்போது எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பாள். வகுப்பில் ஏற்கெனவே தனியாகத் தெரிகிறவள், வீட்டிலும் தனியாகத் தெரிய வேண்டாம் என்று பார்க்கிறாள். அவளைத் திட்டாதீர்கள், முடையச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள். விற்கவோ படமெடுத்துப் போடவோ அவளைக் கூப்பிடாதீர்கள். சிநேகிதி வருகிறாள் என்றால் நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள். கன்னடத்துக்குத் தெருவிலேயே ஒரு டியூஷன் கிடைத்தால் முதல் மாத வருமானத்தில் அதற்குக் கொடுங்கள். சின்னவனைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. மிச்ச ஓலையில் காற்றாடி செய்துகொண்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

அரசாங்கத் திட்டங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியது. அதிலுள்ள 18 தொழில்களில் கூடை, பாய், துடைப்பம் செய்வதும் ஒன்று. பொதுச் சேவை மையத்தில் ஆதாரைக் காட்டிப் பதியலாம். தேர்வானால் ஐந்து முதல் ஏழு நாள் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை. ஐந்து சதவீத வட்டியில் முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாய் கடனும் உண்டு. அந்தக் கடனை மட்டும் இப்போது தொடாதீர்கள். அடகிலிருக்கும் நகை முதலில் வீட்டுக்கு வரட்டும். உங்கள் ஆதாரில் பெங்களூரு விலாசம் ஏற்றிவிட்டால் சாதாரண பி.எம்.டி.சி. நகரப் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, அல்சூர் போய்வரும் செலவு மிச்சம். அத்தையின் ஆதாரை மட்டும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். அவர் ஊரில் முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால், அது தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்கு உரியது.

கடைசியாக, அத்தை ஊருக்குப் போவது. அனுப்புங்கள். ஓலை ஒடியாமல் முடைய ஆரம்பித்துவிட்டால் இருந்துவிடுகிறேன் என்றுகூடச் சொல்லலாம், அப்போதும் அனுப்புங்கள். ஏனென்றால் உங்கள் கொட்டானுக்கு ஓலை அங்கிருந்துதான் வர வேண்டும். குருத்தோலை வாங்கி வெயிலிலும் பனியிலும் போட்டு வெளுக்க வைத்து, ஈர்க்கு உரித்து, ஒரே அகலத்தில் கிழித்து, சாயத்தில் கொதிக்க வைத்துக் காயப்போடும் வேலையை ஒரு படுக்கையறை வீட்டில் செய்ய முடியாது. ஆனி, ஆடியில் இங்கே நாள் கணக்கில் மேகம் மூடிக்கிடக்கும், ஓலை காயவே காயாது. சாயம் சிங்க்கில் பட்டால் ஓனர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். அந்த வேலையை அத்தை ஊரில் இருந்துகொண்டு, உங்களோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்குக் கூலி கொடுத்துச் செய்யட்டும். கூலியை நீங்கள் அனுப்புங்கள், கணக்கு அவர் பார்க்கட்டும். முடைவதற்குத் தயாராகக் கட்டிய ஓலை கனமே இல்லை, பஸ் பார்சலில் போட்டுவிடலாம்.

மாமியாரை ஊரில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு அதுதான் உறுத்தும். அதனால் போகும்போதே திரும்பி வரும் மாதத்தைச் சொல்லி அனுப்புங்கள்: சித்திரையில் போய், ஆடி பிறந்ததும் வருகிறார், சீசன் முடியும்வரை இங்கே இருக்கிறார் என்று. பெங்களூரில் இரவு மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் முற்பகலில் தூத்துக்குடி. முதியவர் என்று வயதைச் சரியாகக் குறித்தால் கீழ்ப்படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜூலை நடுவில் அவர் வர வேண்டுமென்றால் மே மாத நடுவிலேயே டிக்கெட் போட வேண்டும். அந்த வேலையை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அவரே அம்மாவுக்குப் போன் செய்து தேதியைக் கேட்டுப் போடட்டும்.